கூட்டம் கூடினால் காசு சேருமா? சமூக ஊடகப் பங்குகள் பற்றி முதலிலிருந்து

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, சாயங்கால நடைப்பயிற்சியிலும் சரி, பங்குச் சந்தைப் பேச்சு எடுத்தால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி வராமல் இருப்பதில்லை. "ஊரே ஃபேஸ்புக்லயும் இன்ஸ்டாகிராம்லயும்தானே கிடக்கு, அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கிப் போட்டா என்ன?" என்பார் ஒருவர். உடனே பக்கத்தில் இருப்பவர், "சும்மா குடுக்குறவனுக்கு ஏதுங்க லாபம்? என்னைக்காவது ஒரு நாள் புஸ்ஸுன்னு போயிரும்" என்பார். இரண்டு பேருமே அடித்துப் பேசுவார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

வட்டிக் கணக்கும் பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய சீமை இது. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அப்படிப்பட்ட ஊரில், பணம் போடும் விஷயத்தை "எல்லாரும் பாக்குறாங்க" என்ற ஒரே காரணத்தை வைத்து முடிவு செய்வதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இதை அடியிலிருந்து சொல்கிறேன். பங்குச் சந்தை பற்றி முன்னே பின்னே தெரியாதவர்களும் படிக்கலாம்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் இப்போதே வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தின் உரிமையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்தால் அதில் ஒரு துண்டுதான் பங்கு. அதை வாங்குகிறவருக்கு அந்த நிறுவனம் இனிமேல் சம்பாதிக்கப்போகும் லாபத்தில் அந்த அளவுக்குப் பாத்தியதை உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டியது, அந்தச் செயலி நன்றாக இருக்கிறதா என்பதை அல்ல. அதன் மூலம் எவ்வளவு லாபம் வரும், அந்த லாபத்துக்கு இன்று நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான்.

திருவிழாவும் கடை ஏலமும்

நம் பக்கத்துக் கோயில் திருவிழா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட வருகிறவர்களிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை. பிள்ளை குட்டியோடு வரலாம், சுற்றலாம், நின்று வேடிக்கை பார்க்கலாம். ஆனால் பொரிகடலைக் கடைக்காரரும் வளையல் கடைக்காரரும் ராட்டினம் போடுகிறவரும் இடத்துக்குக் காசு கட்டியாக வேண்டும். தேர் திரும்பும் முக்கில் உள்ள இடத்துக்கு ஏலம் ஏறும். கண்மாய்க் கரை ஓரத்து இடத்தைச் சீந்த ஆள் இருக்காது. காசு வருவது கடைக்காரரிடமிருந்து. ஆனால் அவர் காசு கொடுப்பது கூட்டத்துக்காக.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட், பின்டரஸ்ட் எல்லாமே இந்த ஏற்பாடுதான். நாம் கூட்டம். விளம்பரம் கொடுக்கிறவர் கடைக்காரர். நிறுவனம், இடத்தை ஏலம் விடுகிறவர். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டா 2024-ல் ஈட்டிய வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 97 சதவீதத்துக்கும் மேல் விளம்பரத்தில் வந்தது. "சும்மா குடுக்குறவனுக்கு ஏது லாபம்" என்ற கேள்விக்கு அதே ஆண்டின் நிகர லாபமே பதில்: சுமார் 6,240 கோடி டாலர்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. திருவிழாவில் வளையல் கடை எல்லார் கண்ணிலும் படும், வளையல் வாங்காத ஆண்பிள்ளை கண்ணிலும் படும். இங்கே ஆளுக்கு ஆள் வேறு கடை தெரியும். ஏலமும் வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பதில்லை. நீங்கள் விரலால் திரையைத் தள்ளும் ஒவ்வொரு தடவையும், அடுத்து வரும் விளம்பர இடத்துக்கு ஓர் ஏலம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. இதற்குப் பெயர் விளம்பர ஏலம்.

அந்த ஏலம் நடப்பது எப்படி

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா காரைக்குடியில் சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை செய்து பெட்டியில் போட்டு விற்கிறார். தீபாவளிக்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் சீடையை அள்ளிக் கொட்டுகிற ஒரு சின்ன வீடியோ. அடுத்த திரையில் ஊர் கேட்டது. "காரைக்குடின்னே போடவா அக்கா?" என்றான் அவர் தம்பி மகன் வயதுப் பையன் ஒருவன். "நம்ம ஊருக்காரவுகளுக்குக் காட்டி என்னப்பா ஆகப்போகுது, அவுக வீட்டுலயே சுட்டுக்கிருவாக. சென்னை போடு, பெங்களூரு போடு, கோயமுத்தூர் போடு" என்றார் அக்கா. அப்புறம் வயது, ஆணா பெண்ணா, எதில் ஆர்வம் உள்ளவர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு ரூபாய், எத்தனை நாள். அவ்வளவுதான், முடிந்தது.

இனி நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் இரவு படுக்கப்போகும் முன் இன்ஸ்டாகிராமைத் திறக்கிறார். அவர் கண்ணில் படும் அடுத்த விளம்பர இடத்துக்குச் சீடை அக்காவும் போட்டி, ஒரு செருப்புக் கம்பெனியும் போட்டி, ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியும் போட்டி. அதிகம் கேட்டவருக்கே இடம் என்று இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிதான் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் அந்தக் கணிப்பொறி இன்னொன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது: இந்தப் பெண் எந்த விளம்பரத்தைத் தொட வாய்ப்பு அதிகம்? அவர் போன வாரம் செட்டிநாட்டுச் சமையல் வீடியோ நாலைப் பார்த்திருந்தால், குறைந்த தொகை கேட்ட சீடை அக்காவுக்கே இடம் கிடைத்துவிடலாம். நாம் எதைப் பார்க்கிறோம், எங்கே நிற்கிறோம், எதைத் தாண்டிப் போகிறோம் என்ற தகவலை இந்த நிறுவனங்கள் ஏன் அப்படிச் சேர்த்து வைக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம். அந்தத் தகவல் இல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரே கடையைக் காட்ட வேண்டியதுதான், கடைக்காரர் கொடுக்கும் தொகையும் சட்டென்று இறங்கிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பயன்படுத்துகிற நாம் இந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர் அல்ல. விளம்பரம் கொடுக்கிறவர்தான் வாடிக்கையாளர். கூட்டம் எவ்வளவு, அந்தக் கூட்டத்தைப் பற்றி நிறுவனத்துக்கு எவ்வளவு தெரியும், கடைக்காரர்கள் எவ்வளவு போட்டி போடுகிறார்கள், இந்த மூன்றும்தான் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.

கூட்டம் கலையுமா

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவை நாளைக்கே வேறு ஒரு செயலிக்கு மாற்றலாம் என்று யாராவது சொல்லிப் பாருங்கள். சிங்கப்பூர்ச் சித்தப்பா வர மாட்டார், தேவகோட்டை அத்தைக்கு அதை ஏற்றித் தர ஆள் வேண்டும். எல்லாரும் அங்கே இருப்பதாலேயே எல்லாரும் அங்கேயே இருக்கிறோம். ஆள் சேரச் சேர ஒரு சேவையின் பயன் கூடுவதை வலைப்பின்னல் விளைவு என்கிறார்கள். முதலீட்டாளர்கள் இந்த நிறுவனங்கள் மேல் ஆசைப்படுவதற்கு இதுவே முதல் காரணம். புதிதாக ஒருவன் வந்து போட்டி போடுவது லேசில்லை.

ஆனால் இது இரும்புக் கோட்டை இல்லை. 2005-ல் மைஸ்பேஸ் என்ற தளத்தை அதன் தாய் நிறுவனத்தோடு சேர்த்து நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலருக்கு வாங்கியது. ஆறே வருஷத்தில், 2011-ல், சுமார் மூன்றரைக் கோடி டாலருக்கு அதை விற்றுத் தீர்த்தது. இந்தியாவில் ஆர்குட் போட்ட போடு பலருக்கும் ஞாபகம் இருக்கும். கூகுள் போன்ற பெரிய முதலாளி பின்னால் இருந்தும் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை மூடினார்கள். கூட்டத்தைச் சேர்க்கிற அதே விளைவு, கலையும்போது தலைகீழாக வேலை செய்கிறது. நாலு பேர் போனால் நாற்பது பேருக்கு அங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போகிறது.

மெட்டா தப்பித்து நிற்பதற்கு ஒரு காரணம், எங்கே கூட்டம் போகிறதோ அந்த இடத்தையே வாங்கிவிட்டது. 2012-ல் இன்ஸ்டாகிராமுக்கு 100 கோடி டாலர் விலை பேசியது, 2014-ல் வாட்ஸ்அப்புக்கு 1,900 கோடி டாலர். வாங்க முடியாததை அதே மாதிரி செய்து பார்த்தது. ஸ்நாப்சாட்டின் 'ஸ்டோரி' 2016-ல் இன்ஸ்டாகிராமுக்கு வந்தது, டிக்டாக்கின் சின்ன வீடியோ 2020-ல் 'ரீல்ஸ்' ஆனது. இதை நல்லது என்று சொல்லவில்லை. கூட்டத்தைத் தக்கவைக்க எவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தலைக்கு எவ்வளவு

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2023-ன் கடைசி மூன்று மாதத்தில் அமெரிக்கா, கனடாவில் உள்ள ஒரு ஃபேஸ்புக் பயனாளரால் மெட்டாவுக்கு வந்த வருமானம் சராசரியாக 68 டாலர் சொச்சம். ஐரோப்பாவில் 23 டாலர். இந்தியா அடங்கிய ஆசிய பசிபிக் பகுதியில் ஐந்தரை டாலர். இதைத்தான் பயனாளர் தலா வருமானம் என்பார்கள். மொத்த வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. (அந்தக் காலாண்டுக்குப் பிறகு இடவாரியான இந்தக் கணக்கை மெட்டா வெளியிடுவதை நிறுத்திவிட்டது.)

ஆக, அமெரிக்காவில் ஒருவர் வெளியேறினால் அந்த இடத்தை ஈடுகட்ட நம் பக்கத்தில் பன்னிரண்டு பேர் சேர வேண்டும். "இந்தியாவுல இத்தனை கோடிப் பேரு இருக்காங்க" என்று சொல்லி யாராவது பங்கு வாங்கச் சொன்னால், இந்தக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைக்காரரால் அமெரிக்கக் கம்பெனி கொடுக்கும் விலையை விளம்பரத்துக்குக் கொடுக்க முடியாது. குறை ஆட்களிடம் இல்லை, கடைகளின் சக்தி அவ்வளவுதான்.

கூட்டம் இருந்தும் காசு சேராததற்கு இன்னும் தெளிவான சாட்சி ஸ்நாப்சாட். 2024 கடைசியில் தினமும் சுமார் 45 கோடிப் பேர் அதைத் திறந்தார்கள். வருமானம் சுமார் 536 கோடி டாலர். அவ்வளவு வந்தும் அந்த வருஷம் கிட்டத்தட்ட 70 கோடி டாலர் நஷ்டம். 2017-ல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுப் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து 2024 வரை ஒரு முழு ஆண்டுகூட அது லாபம் காட்டவில்லை. அத்தனை கோடிப் பேரின் படங்களையும் வீடியோக்களையும் வைத்திருக்கும் கணிப்பொறிகளுக்கு வாடகை கொடுக்க வேண்டும், பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுப்பதும் ஒரு செலவு. கூட்டம் பெருகப் பெருகச் செலவும் கூடவே வருகிறது.

இந்தப் பகுதியில் எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆள் எண்ணிக்கை வேறு, வருமானம் வேறு, லாபம் வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்று தானாக வந்துவிடாது.

நல்ல கம்பெனியும் நல்ல விலையும்

சரி, லாபம் வரும் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். வாங்கலாமா? இன்னும் இல்லை. என்ன விலைக்கு என்று கேட்க வேண்டும்.

நிறுவனத்தின் எல்லாப் பங்கும் இன்றைய விலைக்குச் சேர்த்தால் வரும் தொகை அதன் சந்தை மதிப்பு. அதை ஓர் ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது விலை-லாப விகிதம். எளிதாகச் சொன்னால், லாபம் இப்படியே இருந்தால் போட்ட முதல் திரும்ப எத்தனை வருஷம் ஆகும் என்ற கணக்கு. நிலம் வாங்கும்போது குத்தகை வருமானத்தை வைத்து மனசுக்குள் நாம் போடும் அதே கணக்குத்தான்.

ஃபேஸ்புக்கை (மெட்டா நிறுவனத்தின் பழைய பெயர்) வைத்தே பார்ப்போம். 2012 மே 18-ஆம் தேதி அது சந்தைக்கு வந்தது. பங்கு 38 டாலர், மொத்த மதிப்பு சுமார் 10,400 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு லாபம் 100 கோடி டாலர். விகிதம் நூறைத் தாண்டியது. வாங்கியவர்கள் என்ன கண்டார்கள்? அதே ஆண்டு செப்டம்பரில் பங்கு 18 டாலருக்கும் கீழே. மக்கள் மேசைக் கணிப்பொறியை விட்டுக் கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், கைப்பேசியில் அப்போது ஃபேஸ்புக்குக்கு விளம்பர வருமானம் அநேகமாகக் கிடையாது. கைப்பேசி விளம்பரம் பலித்த பிறகு, ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்து, 2013 நடுவில்தான் 38 டாலர் திரும்பக் கண்ணில் பட்டது.

அடுத்து 2021 செப்டம்பர். பங்கு 380 டாலர் அளவில் இருந்தது. ஊரெல்லாம் புகழ்ந்த காலம். 2022 நவம்பரில் 90 டாலருக்கும் கீழே போனது, விலையில் நாலில் மூன்று பாகம் கரைந்தது. இடையில், 2022 பிப்ரவரி 3-ஆம் தேதி ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்து, சுமார் 23,000 கோடி டாலர் மதிப்பு மறைந்தது. அந்த நவம்பரில் விலை-லாப விகிதம் பத்துக்கு அருகில். எல்லாரும் "இது முடிஞ்சு போச்சு" என்றார்கள். 2024 கடைசியில் அதே பங்கு 580 டாலரைத் தாண்டி நின்றது.

இதில் எதை முன்கூட்டியே கணித்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கவனிக்க வேண்டியது வேறு: 2021-லும் 2022-லும் அது ஒரே கம்பெனிதான். நூறு ரூபாய்க்கு வாங்கியவர் கதையும் இருபத்தைந்து ரூபாய்க்கு வாங்கியவர் கதையும் ஒன்றாக இருக்க முடியாது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் 2011-ல் 45 டாலருக்கு வந்தது, 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து அதை முழுசாக வாங்கியபோது பங்குக்கு 196 டாலர் கிடைத்தது. அது விளம்பரத்தை மட்டும் நம்பாமல் வேலைக்கு ஆள் தேடும் கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்நாப்சாட்டை நடத்தும் ஸ்நாப் நிறுவனம் 2017 மார்ச்சில் 17 டாலருக்கு வந்தது, 2021-ல் 80 டாலரைத் தொட்டது, 2024 கடைசியில் 11 டாலர் பக்கம். ட்விட்டர் 2013 நவம்பரில் வந்த முதல் நாள் 44.90 டாலரில் முடிந்தது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் பங்குக்கு 54.20 டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிச் சந்தையை விட்டு எடுத்தார். முதல் நாள் மாலை வாங்கி ஒன்பது வருஷம் வைத்திருந்தவருக்கு டாலர் கணக்கில் ஆண்டுக்கு 2 சதவீதத்துச் சொச்சம்தான். உலகத் தலைவர்கள் எல்லாரும் பேசிய இடம், நாள் தவறாமல் செய்தியில் அடிபட்ட பெயர், கிடைத்தது அவ்வளவே.

ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜெயித்த ஒன்றிரண்டின் பெயர்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். அதை வைத்து "சமூக ஊடகப் பங்கு நல்லது" என்று மொத்தமாகச் சொல்வது தப்பு.

சாவி யார் கையில்

பங்கு வாங்கினால் நிறுவனத்தில் நமக்கும் ஒரு குரல் உண்டு என்பது பொதுவான விதி. ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. ஆனால் இந்தத் துறையில் அது பெரும்பாலும் செல்லாது. மெட்டாவில் நிறுவனருக்கு இருக்கும் தனி வகைப் பங்குக்குப் பத்து வாக்கு. அதனால் அவருடைய பங்கு உரிமை எட்டில் ஒன்று அளவே இருந்தாலும் வாக்கில் சுமார் 60 சதவீதம் அவர் கையில். 2022-ல் மெட்டாவர்ஸ் என்ற மெய்நிகர் உலகத் திட்டப் பிரிவில் சுமார் 1,370 கோடி டாலர் நஷ்டம் ஆனது. மற்ற பங்குதாரர்கள் எத்தனை பேர் முகம் சுளித்தாலும் தடுக்க வழியில்லை. ஸ்நாப் 2017-ல் பொதுமக்களுக்கு விற்ற பங்குக்கு வாக்கே கிடையாது. பணம் உங்களுடையது, முடிவு அவர்களுடையது.

நிறுவனத்துக்கு வெளியேயும் சாவிகள் இருக்கின்றன. நாம் இந்தச் செயலிகளைப் பயன்படுத்துவது ஆப்பிள், கூகுள் செய்த கைப்பேசி மென்பொருள் மேல். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது: ஒரு செயலி மற்ற செயலிகளிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும். நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு கேள்வியால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது.

அப்புறம் அரசாங்கம். 2020 ஜூன் 29 ராத்திரி இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது, நம் பக்கத்தில் அதை வைத்தே பெயர் எடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர், மறுநாள் இடமே இல்லை. தனிநபர் தகவலைக் கையாண்ட விதத்துக்காக 2019-ல் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்காவில் போட்ட அபராதம் 500 கோடி டாலர். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதையெல்லாம் அந்தச் சட்டங்கள் தப்பு என்ற கணக்கில் சொல்லவில்லை, பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அந்தக் கட்டுப்பாட்டின் மேல் அனுதாபமே உண்டு. பங்கு வைத்திருப்பவர் இவற்றை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இந்த ஆபத்து செட்டிநாட்டுக்குப் புதிது இல்லை. பர்மாவில் நெல் விலை 1930-களில் சரிந்தபோது, கடன் வாங்கிய விவசாயிகள் கட்ட முடியாமல் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களின் நில உடைமை 1938-ல் 25 சதவீதம் ஆனது. ஏட்டில் பார்த்தால் பெரும் சொத்து. 1942-ல் ஜப்பான் படை வந்தது, 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. கணக்கு எழுதுவதில் குறை இல்லாதவர்கள், உழைப்பில் குறை இல்லாதவர்கள். சொத்தில் பெரும்பகுதி ஒரே இடத்தில், ஒரே பயிரை நம்பி, வேறொருவர் சட்டம் போடும் மண்ணில் நின்றது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பூட்டிக் கிடக்கும் சில வீடுகளுக்குப் பின்னால் அந்தக் கணக்கும் உண்டு.

அப்படியானால் என்ன செய்யலாம்

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். சமூக ஊடகம் என்ற துறையை மொத்தமாக நம்பத்தக்க முதலீடு என்று நான் சொல்ல மாட்டேன். அதில் ஒன்று அபாரமாகச் சம்பாதிக்கிறது, மற்றவை பெரும்பாலும் கூட்டத்தைக் காசாக்கத் திணறுகின்றன, எல்லாமே ஒரே விளம்பரச் சந்தையை நம்பி இருக்கின்றன. பொருளாதாரம் சுணங்கினால் எந்தக் கம்பெனியும் முதலில் கைவைப்பது விளம்பரச் செலவில்தான். ஓய்வூதியப் பணத்தையோ பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்தையோ இப்படி ஒரே கம்பெனியில் போடுவதை யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன்.

ஆனாலும் இந்த வளர்ச்சியில் ஒரு பங்கு வேண்டும் என்கிறவர்களுக்கு நிதானமான வழி குறியீட்டு நிதி. சந்தையின் பட்டியல் ஒன்றில் உள்ள எல்லா நிறுவனத்தையும் அதனதன் அளவுக்கேற்ப மொத்தமாக வாங்கி வைக்கும் பரஸ்பர நிதி (பலருடைய பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஏற்பாடு) அது. அமெரிக்காவின் நாஸ்டாக் 100 பட்டியலில் மெட்டாவும் ஒன்று, கூடவே மற்ற பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும். அந்தப் பட்டியலைப் பின்பற்றும் நிதிகள் இந்தியாவிலேயே ரூபாயில் கிடைக்கின்றன. வெளிநாட்டு முதலீட்டுக்கு உச்சவரம்பு இருப்பதால் அவை சில சமயம் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தி வைக்கும். ஒரு கம்பெனி சரிந்தாலும் நம் பணம் அதோடு போய்விடாது.

நேரடியாகவே மெட்டா பங்கு வேண்டுமானால், அது நம் மும்பைச் சந்தையில் கிடைக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அந்த வழியில் வாங்க வேண்டும். அங்கே வரும் ஈவுத்தொகையில் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் பணம்) அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். நம் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று தனியாகக் காட்டவும் வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் காட்ட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இந்தியச் சமூக ஊடகம் ஏதாவது இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். ட்விட்டருக்குப் போட்டியாக வந்த 'கூ' 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஆக, நம் பணத்துக்கு இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. "மெட்டா பங்கு பாதி விலைக்கு ஒதுக்கித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குழு வந்தால், அப்படி ஒரு ஒதுக்கீடே உலகத்தில் கிடையாது. பங்கை விற்பவர் யார், செபி (இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் கொடுத்தாலும் செபியின் இணையதளத்தில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் கைப்பேசியில் இந்த மாதிரிக் குழு ஏதும் இருக்கிறதா என்று பிள்ளைகளும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

எங்கே பார்ப்பது

மேலே சொன்ன எண்கள் எதற்கும் யாரிடமும் காசு கட்டத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் முதலீட்டாளர்களுக்கான பக்கத்தில் ஆண்டறிக்கையை இலவசமாகப் போட்டிருக்கும். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், பயப்பட வேண்டாம். வருமானத்தில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, நிகர லாபமா நஷ்டமா, பங்குகளின் மொத்த எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா, எந்த வகைப் பங்குக்கு எத்தனை வாக்கு, இந்த நாலையும் முதலில் தேடுங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், அதே லாபத்தைப் பங்கு போட ஆள் கூடுகிறது என்று அர்த்தம், நம் துண்டு சிறுத்துக்கொண்டே போகிறது.

அடுத்து, இடர்கள் என்று ஒரு நீண்ட பகுதி இருக்கும். பலரும் தாண்டிப் போவது அதைத்தான், நான் முதலில் படிப்பது அதை. கைப்பேசிப் பயன்பாடு விளம்பரத்தைவிட வேகமாகப் பெருகுகிறது, அது வருமானத்தைப் பாதிக்கலாம் என்று ஃபேஸ்புக் 2012-ல் சந்தைக்கு வரும் முன்னால் தாக்கல் செய்த ஆவணத்திலேயே எழுதியிருந்தது. அடுத்த நாலு மாதத்தில் பங்கு பாதிக்கு மேல் விழுந்த கதையை மேலே பார்த்தோம். அந்தப் பகுதியைப் படித்து முடித்த பிறகும் வாங்கத் தோன்றினால், அப்போது விலை-லாப விகிதத்தை எடுத்துப் பாருங்கள்.